கண்ணு வைக்க வேண்டிய அஞ்சு பேரு

...போட்டோவப் பெருசாப் போட்டதுதான் தம்பி தப்பு. போட்டோ சின்னதா இருந்திருந்தா எழுத்த யாரு படிக்கப்போறா? ஒஸ்மோகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன், விளையாட்டுப் பக்கத்துல எம் மூஞ்சியப் போடாதேன்னு. அரைப் பக்கத்துக்குப் போட்டு வெச்சிருக்கான். அதுலயும் கையில கரண்டியோட நிக்கிறேன். காபிக் கடைக்காரின்னு பாத்தவொடனே தெரியணுமாம். காபிய யாராவது கரண்டியால ஊத்துவாங்களா?

நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பை இங்கயே இருக்கட்டும், எனக்கு இடைஞ்சல் இல்ல. நீங்களும் தாம்பெரேவுலதான் எறங்கணுமா? ...ம். அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. காதுல அத மாட்டிக்கணும்னா மாட்டிக்கங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன். எம் புருஷன் இருந்தவரைக்கும் அப்படித்தான். அவரு பேப்பருக்குப் பின்னாடி, நான் பேப்பருக்கு முன்னாடி. முப்பத்தெட்டு வருஷம், ஒரு சண்ட கெடையாது.

ஒஸ்மோ யாருன்னு சொல்லலியே. எங்க ஊரு பேப்பருக்கு ஆசிரியர். ஊரு கல்லியோவாரா. பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, ஐஸ் ஹாக்கி ஆடுற ஹௌகி டீம் எங்களோடதுதான். அந்த ஐஸ் ரிங்குல காபிக் கடை என்னோடது. ரௌனி கடைன்னா யாரும் கை காட்டுவாங்க. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆகஸ்ட்டு, பேப்பர்ல விளையாட்டு எழுதுற ஆளுக்கு வயித்துல ஆபரேஷன். ஒஸ்மோ கடையில வந்து தலையில கை வெச்சு உக்காந்தான். "சீசன் வருது, எவன் நல்லா ஆடுவான்னு எழுத ஒரு நாதி இல்ல"ன்னான். நான் பன்னுக்கு மாவு தட்டிக்கிட்டே அஞ்சு பேரச் சொன்னேன். சும்மா சொன்னதுதான். அவன் அப்படியே எழுதிப் போட்டுட்டான், ‘ரௌனி கண்ணு வெச்ச அஞ்சு பேரு’ன்னு. அந்த சீசன்ல அஞ்சுல நாலு பேரு பிச்சு உதறிட்டானுங்க. அதோட முடிஞ்சுது என் நிம்மதி. வருஷா வருஷம் ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழம நான் எழுதணும். ஊரே படிக்குது. வெளியூர் டீம்லேர்ந்து ஆளு வெச்சுப் படிக்கிறாங்களாம்.

எனக்கு ஆட்டமே தெரியாது தம்பி, உண்மையச் சொன்னா. கடையிலேர்ந்து பாத்தா பாதி கோல்தான் தெரியும், மீதிய ஒரு தூணு மறைக்குது. நான் கண்ணு வைக்கிறது கடையில. எவன் எப்படி வரிசையில நிக்கிறான், எவன் குடிச்ச கப்ப எடுத்து வைக்கிறான், தோத்துட்டு வந்தா எவன் மூஞ்சி எப்படி இருக்கு.

நூட்டின்னு ஒருத்தன். பத்தொம்பது வயசு, ஓரத்துல ஓடுறவன். எழுதி வெச்சுக்கங்க, இந்த வருஷம் அவன் வருஷம். போன மார்ச்சுல சொந்த ஊர்ல அஞ்சுக்கு ஒண்ணுன்னு தோத்தானுங்க. மத்தவனெல்லாம் கதவ அறைஞ்சுட்டுப் போயிட்டான். இவன் வந்தான், கண்ணு சிவந்திருக்கு, அழுதிருக்கான். வந்து, சக்கர தூவுன டோனட்டு ரெண்டு குடுங்கன்னான். உக்காந்து தின்னான். வெரல நக்கிட்டு, "இன்னொண்ணு இருக்கா?"ன்னான். தோத்த அன்னிக்கும் எவனுக்குப் பசிக்குதோ அவன் நெலைச்சு நிப்பான். இத எந்தக் கோச்சும் சொல்லித் தர மாட்டான்.

அப்புறம் ஓட்சோ. தடுப்பாட்டக்காரன். நூத்துப்பத்துக் கிலோ. போன வருஷம் வரைக்கும் கடைக் கதவுல இடிச்சுக்கிட்டா கதவுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள வருவான். அவனுக்கு அம்மான்னா பயம், கோச்சுன்னா பயம், நான் கொஞ்சம் முறைச்சா எங்கிட்டயும் பயம். எதிராளிய இடிக்கப் போயி, கடைசி நிமிஷத்துல ஒதுங்கி வழி விடுவான். இந்த ஜூலையில வந்தான். கதவுல இடிச்சான். கதவ ஒரு பார்வ பாத்தான். ஒண்ணும் சொல்லல, நேரா வந்து கறி பன்னு கேட்டான். அவ்வளவுதான், எழுதிட்டேன். என்ன ஆச்சோ அவனுக்கு, நான் கேக்கல. நல்லபடியா ஏதோ ஆயிருக்கு.

ஒரு செக்கு நாட்டுக்காரன் புதுசா வந்திருக்கான், ராடிம்னு. நடுவுல ஆடுறவன். நம்ம பாஷையில மூணே வார்த்த தெரியும்: காபி, நன்றி, இல்ல. அத வெச்சே குடும்பம் நடத்திடலாம், எம் புருஷனுக்கு அதுவும் தேவப்படல. இந்த ராடிம் எனக்கு முதுகக் காட்டி நின்னு நோட்டீஸ் போர்டப் பாத்துக்கிட்டிருக்கான். என் கை பட்டு ஒரு கப்பு மேஜையிலேர்ந்து உருளுது. திரும்பலியே அவன். கைய மட்டும் பின்னாடி நீட்டிப் புடிச்சு மேஜையில வெச்சான். தல அப்படியே போர்டப் பாத்தபடி இருக்கு. இவன் குடுக்கிற பாஸு எங்கேர்ந்து வருதுன்னு ஒருத்தனுக்கும் புரியப் போறதில்ல.

நாலாவது ஆளு... நாலாவது யாரு... வரும், பேரு நாக்குலயே இருக்கு.

இந்த ரயில் காபியக் குடிச்சீங்களா? குடிக்காதீங்க. கழுவின தண்ணி.

அஞ்சாவது யால்மரி. என் பையன்.

ஆமா, கோலிதான், கோல்கீப்பர். முப்பத்திநாலு வயசு. பதிமூணு வருஷமா ஹௌகிக்கு வலைய அவன்தான் காக்குறான். இத்தன வருஷமா அவன் பேர நான் எழுதுனதில்ல. பெத்த பிள்ளைய நானே எழுதினா ஊரு சிரிக்காதா? ஒஸ்மோ ஒவ்வொரு வருஷமும் கேப்பான், நான் முடியாதும்பேன். யால்மரியே சொல்லுவான், "எனக்குப் பதிலா இன்னொருத்தனப் போடும்மா, நீ கண்ணு வெச்சா எனக்கு வலையில கையே வராது"ன்னு. சிரிச்சுக்கிட்டுதான் சொல்லுவான். நல்லாத்தான் இருந்தோம்.

இந்த வருஷம் எழுதிட்டேன். எழுதினது என்ன பெரிய குத்தம்? சொல்லுங்க. குத்தம் அந்த டாக்டரம்மா மேல. டீம் டாக்டர். அந்தப் பொம்பள ஜென்மத்துல பேப்பர் படிச்சதில்ல. வருஷா வருஷம் சீசனுக்கு முன்னாடி எல்லாரையும் சோதிப்பாங்க. நெஞ்சுல கருவிய வைப்பா, முட்டியத் தட்டுவா, போன்னுடுவா. சனிக்கிழம பேப்பர் வருது, திங்கக்கிழம சோதன. இவ யால்மரியப் பாத்து, "இடுப்ப ஸ்கேன் எடுக்கணும்"ங்கிறா. எதுக்கு இடுப்பு? பதிமூணு வருஷமா இடுப்பு ஒனக்கு ஞாபகம் வரலியா?

செவ்வாக்கிழம ஸ்கேன் எடுத்தாங்க. வியாழக்கிழம கிளப்புல கூப்பிட்டு ஒப்பந்தம் இல்லன்னுட்டாங்க. இடுப்பு மூட்டுல ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணாம ஐஸ்ல எறக்க முடியாது, பண்ணினா இந்த சீசன் இல்ல, அடுத்த சீசனுக்கு வயசு முப்பத்தஞ்சு. கையக் குடுத்து அனுப்பிட்டாங்க. கோச்சு வாசல் வரைக்கும் வந்தாராம். பதிமூணு வருஷத்துக்கு வாசல் வரைக்கும்.

கோலி எப்படி ஆடுவான் தெரியுமில்ல? ஒரு ஆட்டத்துல நூறு தடவ முட்டிய மடக்கித் தொப்புன்னு ஐஸ்ல விழுந்து எழுந்திரிக்கணும். காலு ரெண்டும் வெளிப்பக்கமா விரியும். நீங்களும் நானும் ஒரு தடவ விழுந்தா ஆம்புலன்ஸ்தான். இவன் கிழிஞ்ச ஜவ்வோட விழுந்து எழுந்திருக்கான்.

...எலியேல். பேரு வந்துடுச்சு பாருங்க. நாலாவது ஆளு. நல்லா வேகமா ஓடுவான். வேற ஒண்ணுமில்ல, ஒஸ்மோவுக்கு நாலு பேரு பத்தாதுன்னு போட்டது.

எங்க விட்டேன்... ஆங், வியாழக்கிழம. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. வெள்ளிக்கிழம காலையில நேரா டாக்டரம்மாகிட்டப் போனேன். "நான் எழுதினது பொய்யி. என் பையனுக்கு இடுப்புல ஒண்ணுமில்ல, கத நல்லா இருக்கட்டும்னு நானாக் கெளப்பி விட்டது"ன்னேன். அவ அந்த ஸ்கேன் படத்த எடுத்து வெளக்குல மாட்டினா. "இது என்னங்க?"ன்னா. வெள்ளையா ஒரு கோடு. "இது வேற யாரோட இடுப்போ"ன்னேன். அந்தப் பொம்பள சிரிக்கல தம்பி. ஒரு நாற்காலியத் தள்ளிப் போட்டு, உக்காருங்க ரௌனின்னா. அப்பதான் எனக்குப் பயமே வந்துது.

அதோட விட்டேனா? இல்ல. ஒஸ்மோகிட்ட போயி, மறுப்பு போடுன்னேன். அவன் வேணாம்னான். நீ போடலேன்னா ஒனக்கு இனிமே காபி இல்லன்னேன். போட்டான். ‘சென்ற வாரம் யால்மரியின் இடுப்பைப் பற்றி எழுதியது என் கற்பனை. வாசகர்கள் மன்னிக்கவும். ரௌனி.’ அப்படி. மறுநாள் கடைத்தெருவுல போறேன், கசாப்புக் கடைக்காரன் கேக்குறான், "ரௌனி, இந்தப் பன்னிக்கறி நெசமா, கற்பனையா?"ன்னு. அவன் கடைக் கறிய அவனே கேக்குறான். ஒம்பது வருஷமா சேத்து வெச்ச பேரு ஒரே வாரத்துல போச்சு. போகட்டும், அது பெருசில்ல.

நான் எழுதினது என்னன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. மரியாதக்காரரு.

மனப்பாடமா இருக்கு. ‘ஐந்தாவது, யால்மரி. பெற்ற பிள்ளை என்பதால் இத்தனை வருடம் எழுதவில்லை. ஏப்ரலில் அரையிறுதி ஏழு ஆட்டங்களையும் அவன் கிழிந்த இடுப்போடு ஆடினான். நாற்காலியில் உட்காரக்கூட முடியாதவன் வலையில் நின்றான். இனி அந்த ஆறு கோலை எண்ணுங்கள்.’

ஏழாவது ஆட்டத்துல ஆறு கோல் விட்டான். அத வெச்சு ஊரு என்ன பேச்சுப் பேசிச்சு தெரியுமா? எங்க பேசிச்சு? என் கடையில. என் மேஜையில, என் காபியக் குடிச்சுக்கிட்டு. ரெயோன்னு ஒரு ஆளு, பஸ் ஓட்டி ஓய்வு பெத்தவன், தெனமும் அதே நாற்காலி. அவன்தான் ஆரம்பிச்சான், "கோலியா அது, சல்லட"ன்னு. யால்மரி அம்மா நான் ரெண்டடி தள்ளி நிக்கிறேன். தெரியும் அவனுக்கு. எங்கிட்ட பகைன்னு இல்ல, பதிமூணு வருஷமா யால்மரிக்குக் கையத் தட்டுனவன்தான். ஆனா சொன்னான். அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. மே மாசம் பூரா சல்லட. ஜூன் பூரா சல்லட. நான் கப்பத் தொடச்சுக்கிட்டே நிப்பேன். ரெயோவுக்கு மட்டும் ஆறின காபி ஊத்துவேன். அந்த மனுஷன் அதையும் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னான்.

எனக்குத்தான் தெரியுமே. ஏப்ரல்ல ஆறாவது ஆட்டம் முடிஞ்சு, கடையப் பூட்டப்போறேன், யால்மரி வந்தான். நின்னபடியே காபி குடுன்னான். உக்காருடான்னேன். முடியலம்மான்னான். பெஞ்சுல மெதுவா ஒருக்களிச்சுப் படுத்தான், ஆறடி மூணு அங்குலம், காலு வெளிய தொங்குது. டாக்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எறக்க மாட்டாங்க, பதிமூணு வருஷத்துல மொதல் தடவ இவ்வளவு தூரம் வந்திருக்கோம், சைமிக்குக்கூடத் தெரியாது... சைமி அவன் பொண்டாட்டி... ஒங்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதம்மான்னான். சொல்ல மாட்டேன்டான்னேன்.

நாலு மாசம் சொல்லல தம்பி. என்னப் பாத்து ஒண்ணரை மணி நேரம் ஆகுது ஒங்களுக்கு. நாலு மாசம்னா எனக்கு என்னன்னு புரிஞ்சிருக்கும்.

ஒஸ்மோ மேல பழியப் போட்டேன்ல? அவன் ரெண்டு தடவ கேட்டான். எழுதின தாள ஒரு தடவ படிச்சான், கண்ணாடியக் கழட்டினான். "ரௌனி, இது யால்மரிக்குத் தெரியுமா?"ன்னான். தெரியும்னேன். வெளிய போயி ஒரு சிகரெட் குடிச்சுட்டு வந்தான். "இந்த ரெண்டு வரிய எடுத்துடலாமா?"ன்னான். எடுத்தா அஞ்சு பேரையும் எடுன்னேன். ரெயோ அத அந்த நாற்காலியில உக்காந்து படிக்கணும், படிக்கிறப்ப நான் அவன் மூஞ்சியப் பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்குக் கண்ணுல நின்னுது. திங்கக்கிழம என்ன ஆகும்னு நெனைக்கவே இல்ல.

பாத்தேன், அவன் மூஞ்சிய. படிச்சான். பேப்பர மடிச்சு வெச்சான். எழுந்து வந்து, "எனக்குத் தெரியாது ரௌனி"ன்னான். தலையக் குனிஞ்சுக்கிட்டு. அரை நாள் சந்தோஷமா இருந்தேன். அரை நாள்தான்.

மறுப்பு வந்த மறுநா ஞாயித்துக்கிழம யால்மரி கடைக்கு வந்தான். ரெண்டு பேப்பரும் கையில இருந்துது. திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் திரும்பிச் சத்தம் போட்டிருப்பேன், எங்க வீட்டுல எல்லாம் அப்படித் தீந்துடும். அவன் சத்தமே போடல. "சல்லடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, அது எனக்கு வலிக்கலம்மா. ஒங்கிட்ட வெச்சா அது ஒங்கிட்டயே இருக்கும்னு நெனச்சேன்"ன்னான். காபி ஊத்தவான்னேன். வேணாம்னு போயிட்டான்.

அப்புறம் பேசல. ரெண்டரை வாரம். போன வாரம் தாம்பெரேவுல ஆபரேஷன் ஆச்சு. நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து விட்டாங்க, சைமியோட அப்பா வீட்டுல இருக்கான், அங்கதான் போறேன். வான்னு அவன் சொல்லல. வராதேன்னும் சொல்லல. சைமிதான் போன் பண்ணினா. அந்த அறுத்துப் பாத்த டாக்டரு சொன்னாராம், இன்னொரு சீசன் ஆடியிருந்தா நாப்பது வயசுக்குள்ள கம்பு ஊனித்தான் நடந்திருப்பான்னு. ஒஸ்மோ அதப் புடிச்சுக்கிட்டான், "பாத்தியா, நீ செஞ்சது நல்லதுக்குத்தான்"ங்கிறான். அப்படி இல்ல தம்பி. அவன் இடுப்புக்காகவா எழுதினேன்? ரெயோ வாய அடைக்க எழுதினேன். அது நல்லதா முடிஞ்சா எனக்கென்ன பெருமை? யால்மரிகிட்டப் போயி ஒரு டாக்டரு பேர வெச்சு நான் தப்பிச்சுக்க மாட்டேன். மன்னிச்சுக்கடான்னு சொல்லணும், அவ்வளவுதான். ஒரு வார்த்த. சின்ன வார்த்த. கெளம்புனதுலேர்ந்து இத்தன பேசிட்டேன், அந்த ஒண்ணச் சொல்லிப் பாக்கலாம்னா வாய் வேற எங்கயாவது போயிடுது, பாருங்க.

அடுத்த வாரம் சீசன் தொடங்குது. பயிற்சி ஆட்டத்துல நூட்டி மூணு கோல் போட்டான். ஓட்சோ ஒருத்தன இடிச்சதுல பலகத் தடுப்பே ஆடிப்போச்சாம். வலையில ஒரு புதுப் பையன், சுவீடன்லேர்ந்து வந்தவன். நல்லாத்தான் ஆடுறானாம். கடைக்கு இன்னும் வரல. வந்தா நல்ல காபியாக் குடுப்பேன், அவன் என்ன பண்ணுவான் பாவம்.

இருங்க, போன் அடிக்குது... அடிக்கல, செய்தி வந்திருக்கு. கண்ணாடி எங்க... யால்மரி.

‘முன் பெட்டிக்கு வா. கட்டையை ஊன்றிக்கொண்டு பிளாட்பாரம் முழுதும் நடக்க முடியாது.’

அவ்வளவுதான் எழுதியிருக்கான். அம்மான்னுகூட இல்ல. ஆனா பாருங்க, ஸ்டேஷனுக்கு வந்திருக்கான். எந்த ரயிலுன்னு சைமி சொல்லியிருப்பா. ஆபரேஷன் ஆகி எத்தன நாளாச்சு, அந்தக் கட்டையோட இவ்வளவு தூரம்... மடையன். பிடிவாதம் புடிச்சவன்.

நான் எழுந்திரிக்கிறேன் தம்பி, நாலு பெட்டி நடக்கணும். அந்தப் பைய மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுங்க. கனமெல்லாம் இல்ல, பூரா கம்பளி நூலு. ஒரு குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸு, எல்லாம் கட்ட வெரலு அளவுதான் இருக்கும். மஞ்சள்ல போட்டேன், ஆணா பொண்ணான்னு இன்னும் தெரியாதுல்ல. சைமி முந்தாநேத்துதான் சொன்னா. பன்னெண்டு வாரம் ஆகட்டும் அத்தை, அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, எங்க அப்பா அம்மாகிட்டகூட நாங்க இன்னும்...

...

சொல்லிட்டேனா?

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஊரு பேரு தெரியாத ஆளு, எறங்கினா நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். போச்சு, அதோட போச்சு. ...என்ன? ஒங்க பேரா? ஐயோ வேணாம் தம்பி, சொல்லாதீங்க. எங்கிட்ட சொன்னா நிக்காது.